கிரேட் டேன் வளர்க்க வாங்கியதில் எது உருப்படி, எது வீண்

பெரிய நாய் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எங்கள் பொன்னியைப் பார்த்ததும் கேட்பது விலைதான். குட்டி என்ன விலை, மாதம் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகிறது. கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்தக் குட்டி மெதுவாக வளர எல்லோரும் சம்மதமா? கிரேட் டேன் மாதிரி ராட்சத இனத்தில் முதல் ஒன்றரை வருஷம் குட்டியைக் கொழுக்க விடாமல், சீக்கிரம் உயரட்டும் என்று அவசரப்படாமல், விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒல்லியாகவே வைத்திருப்பதில்தான் அதன் மூட்டும் எலும்பும் பிழைக்கின்றன. கடையில் இதற்கென்று விற்கிற பொருட்களில் பாதிக்கு மேல் "சீக்கிரம், பெரிசா" என்கிற ஆசையை வைத்தே விற்கப்படுகின்றன. எந்தப் பொருள் அந்த ஆசைக்குத் தீனி போடுகிறது, எது நாய்க்கு உதவுகிறது என்று பார்த்துத்தான் இங்கே நல்லது கெட்டது சொல்கிறேன்.

எங்கள் நிலவரம் இதுதான். சென்னையில் தரைத்தள வீடு, சின்ன முன்வாசல், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு மாமியார். பொன்னி பெண், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், மூக்கும் வாயும் கருப்பு, மூன்று வயதைத் தாண்டிவிட்டாள், எடை 54 கிலோ.

முதலில் இனத்தைப் பற்றி. ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்கு வைத்திருந்த நாய்களிலிருந்து வந்தது இது, ஆனால் இன்றைக்கு வீட்டுக்குள் மனிதர்கள் பக்கத்திலேயே கிடக்க விரும்புகிற நாய். அமெரிக்கன் கென்னல் கிளப் அளவுப்படி ஆண் 30 முதல் 32 அங்குல உயரம், பெண் 28 முதல் 30. எடை ஆணுக்கு 63 முதல் 79 கிலோ, பெண்ணுக்கு 50 முதல் 63. ஆயுள் 7 முதல் 10 வருஷம். இந்தக் கடைசி எண்ணைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்தாம் வகுப்பில் குட்டி வாங்கிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற நேரத்தில் நாய் கிழடாகியிருக்கும். அமெரிக்காவில் மிச்சிகனில் இருந்த ஸீயஸ் என்ற கிரேட் டேன் 44 அங்குல உயரத்தோடு கின்னஸ் சாதனை செய்தது, அதன் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் நிறைய பேர் இந்த இனத்தைத் தேடி வருகிறார்கள். அது 2014-ல் ஐந்து வயதிலேயே இறந்துபோனது. உயரத்துக்காக நாய் தேடுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

செயின்ட் பெர்னார்டைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் பனியில் வேலை செய்த நாய், அடர்த்தியான இரட்டை ரோமம். அதைச் சென்னைப் புழுக்கத்தில் வைத்திருப்பது, ஏசி இருந்தாலும், அந்த நாய்க்குச் செய்கிற கொடுமை. தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று இனப்பெருக்கம் கூடாதென்று பட்டியலிட்டதில் செயின்ட் பெர்னார்டும் நியூஃபவுண்ட்லாண்டும் திபெத்திய மாஸ்டிஃபும் இருந்தன. கிரேட் டேனுக்கு ஒட்ட வெட்டிய மாதிரி குட்டை ரோமம், ராட்சத இனங்களில் நம் ஊருக்குக் கொஞ்சமாவது பொருந்துவது இதுதான். உயரமான, கம்பீரமான நாய் போதும், ராட்சத அளவு கட்டாயமில்லை என்றால் ராஜபாளையத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். 2005-ல் தபால்தலையிலேயே வந்த இனம், இந்த வெயிலில் பிறந்து வளர்ந்தது.

சரி, குட்டி வாங்கிய கதை. விளம்பரங்களில் "டபுள் போன்", "ஹெவி போன்", "ஷோ குவாலிட்டி" என்று போடுவார்கள். இந்த வார்த்தைகளுக்கு மருத்துவத்தில் எந்த அர்த்தமும் இல்லை. கால் தடித்து, முட்டி வீங்கி இருக்கிற குட்டியைக் காட்டி "பாருங்க எலும்பு எப்படி இருக்கு" என்று சொன்ன இடத்திலிருந்து நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அந்த இடத்தில் தாய் நாயைக் காட்டச் சொன்னதற்கு வேறு ஊரில் இருக்கிறது என்றார்கள், குட்டிக்கு வயது நாற்பது நாள் இருக்கும், உடனே எடுத்துக்கொண்டு போகலாமாம். நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. அந்த எட்டு வாரம் சட்டத்துக்காக மட்டும் வைத்ததில்லை, கடிக்காமல் விளையாட, பெரிய நாயைப் பார்த்தால் அடங்க, இதையெல்லாம் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவைகளிடமும்தான் கற்றுக்கொள்கிறது. வளர்ந்ததும் 50 கிலோ ஆகப்போகிற நாய்க்கு அந்தப் பாடம் இரட்டிப்பு முக்கியம்.

பொன்னியை வாங்கியது ஈரோடு பக்கம் ஒரு வீட்டில். வியாபாரம் என்று சொல்ல முடியாது, வளர்க்கிற நாய்க்கு எப்போதாவது ஒரு ஈற்று. அவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். நாங்கள் கேள்வி கேட்கும் முன்பே அவர்கள் கேட்டார்கள்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மாடி வீடா, வாடகையா சொந்தமா, இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா, வளர்க்க முடியாமல் போனால் எங்களிடமே திருப்பிக் கொடுப்பீர்களா. தாய் எங்கள் பிள்ளைகள் பக்கத்தில் வந்து சாய்ந்து நின்றது. இந்த இனம் ஆள்மேல் சாயும், அன்பு காட்டும் விதம் அது. தாய் தந்தை இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே இருந்தது, தாய்க்கு இதய ஸ்கேன் இருந்தது. கிரேட் டேனுக்கு இதயத் தசை தளர்ந்து இதயம் விரிகிற நோய் பரம்பரையாக வரக்கூடியது, எலும்புப் புற்றுநோயும் அதிகம், அதனால் "தாத்தா பாட்டி எத்தனை வயதில், எதனால் இறந்தன" என்று கேட்பது நாகரிகக் குறைவு ஒன்றும் இல்லை, கேளுங்கள். அதோடு அந்த வம்சத்தில் எதற்காவது வயிறு முறுக்கிக்கொண்டதா என்றும் கேளுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழும் மைக்ரோசிப்பும் இருந்தன. நல்லதுதான், சிப் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஸ்கேனர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காகிதம் பரம்பரையைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. இரண்டும் வேறு.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. "அபூர்வ வெள்ளை கிரேட் டேன்" என்று கூடுதல் விலை சொல்வார்கள். மெர்ல் எனப்படும் சாம்பல் திட்டு நிறமுள்ள இரண்டு நாய்களை ஒன்றோடு ஒன்று சேர்த்தால் இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணுவை வாங்கிக்கொண்டு பிறக்கிற குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், அவற்றில் பலவற்றுக்குக் காது கேட்காது, கண்ணும் சரியாக உருவாகாமல் இருக்கலாம். தெரிந்தே இப்படிச் சேர்க்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காது வெட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்களிடமும்தான். இந்த இனத்தின் தாய்நாடான ஜெர்மனியிலேயே அது தடைசெய்யப்பட்டது. பொன்னியின் காது தொங்குகிறது, அழகாகத்தான் இருக்கிறது.

இப்போது சாப்பாடு. நான் அதிகம் படித்ததும், வீட்டில் அதிகம் விவாதித்ததும் இதைப் பற்றித்தான்.

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது பெரும்பாலும் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ, ஒரு வயதில் 50 கிலோவை நெருங்குகிறது. இவ்வளவு வேகமாக வளர்கிற உடம்பில் இன்னும் வேகத்தைக் கூட்டினால் எடை முந்திக்கொள்ளும், எலும்பு பின்தங்கும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1974-ல் கிரேட் டேன் குட்டிகளையே இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒன்றுக்கு வேண்டிய மட்டும் தின்ன விட்டு, இன்னொன்றுக்கு அளவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வேண்டிய மட்டும் தின்ற குட்டிகளுக்குத்தான் எலும்பு மூட்டுக் கோளாறுகள் கூடுதலாக வந்தன. பிறகு 1980-களில் நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கால்சியத்தை வைத்துச் செய்த ஆராய்ச்சியும் கிரேட் டேன் குட்டிகளில்தான். அதிகக் கால்சியம் கொடுத்த குட்டிகளின் எலும்பு வளர்ச்சியே கோணலானது. காரணம், சில மாத வயதுக் குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, போட்டதை எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

ஆகவே பெரிய நாய்க்கு எலும்பு பலம் வேண்டும் என்று கால்சியம் சிரப்பும் பவுடரும் எடுத்து நீட்டுகிற கடையில் மறுத்துவிடுங்கள். எங்களுக்கு ஒரு கடையில் குட்டியைப் பார்த்தவுடனே இரண்டு பாட்டில் எடுத்து வைத்தார்கள், மருத்துவர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. இந்த ஒரு பொருளுக்கு என் மதிப்பெண் பூஜ்யம். ராட்சத இனக் குட்டிக்கு நிறைவான உணவு கொடுத்துக்கொண்டிருக்கும்போது மேலே கால்சியம் சேர்ப்பது வீண் இல்லை, ஆபத்து.

நாங்கள் கொடுத்தது ராயல் கேனின் ஜெயன்ட் பப்பி, எட்டு மாதத்துக்குப் பிறகு ஜெயன்ட் ஜூனியர். பெரிய நாயாகும் குட்டிக்கென்று தனியாகச் செய்த எந்த நல்ல உணவும் சரிதான், இந்த ஒரு பிராண்டுதான் என்று சட்டம் இல்லை. மூட்டையில் பார்க்க வேண்டியது: வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 32 கிலோவுக்கு மேல் போகும் குட்டிகளின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற வரி. அமெரிக்கத் தர அளவுகளில் அப்படிப்பட்ட உணவில் கால்சியம் உலர் எடையில் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குட்டி என்று படம் மட்டும் போட்டு, இந்த விவரம் எதுவும் இல்லாத மூட்டை மலிவாகக் கிடைத்தாலும் ராட்சத இனத்துக்கு வேண்டாம்.

ராயல் கேனின் பற்றி நல்லது: பொன்னிக்கு வயிறு ஒத்துக்கொண்டது, மலம் கெட்டியாக இருந்தது (முன்வாசல் அள்ளுகிறவர்களுக்குத் தெரியும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று), குட்டி மெதுவாக, சீராக எடை ஏறினாள். குறை: விலை. வளர்ந்த நாய்க்கு மாதம் 15 கிலோ மூட்டை ஒன்று போதாது, இதை வாங்க முடியுமா என்று குட்டி வாங்கும் முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள். பாதியில் முடியாமல் போய் வெறும் சோறும் எலும்பில்லாத கோழிக்கறியும் என்று இறங்கினால் அது அடுத்த பக்கத்துப் பிரச்சினை, அதில் கால்சியம் மிகக் குறைவு, வளர்கிற குட்டிக்கு எலும்பு மெலிந்து வளைந்துவிடும். வீட்டுச் சமையல்தான் கொடுப்பேன் என்றால் கால்நடை மருத்துவரிடம் குட்டியின் எடைக்கு அளவு எழுதி வாங்கிக்கொண்டு அதை அப்படியே செய்யுங்கள்.

என் மாமியாருக்குக் குட்டி ஒல்லியாக இருப்பது தாங்கவில்லை. "பச்சப் புள்ளய இப்படிக் காயப் போடுறீங்களே" என்று தினமும் ஒரு பாட்டு. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, நம் வீடுகளில் குழந்தை கொழுகொழு என்று இருந்தால்தான் வளர்ப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மருத்துவரிடம் அவரையே கூட்டிக்கொண்டு போய், அவர் கையைப் பிடித்துக் குட்டியின் விலாவில் வைத்து "இது தட்டுப்படணும்மா, கண்ணுக்குத் துருத்திக்கிட்டுத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்" என்று மருத்துவர் சொன்ன பிறகு மாமியார் சமாதானமானார். கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாமா என்று கேட்டார். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 344 மில்லிகிராம் கால்சியம்தான், பவுடர்களின் செறிவு அதில் இல்லை, கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. அதிலிருந்து பொன்னிக்கு வாரத்தில் சில நாள் நான்கு ஸ்பூன் கூழ், பாட்டி கையால். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு, இந்த நான்கும் எந்தக் கையாலும் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் சமையலறை எடை மெஷின். ஒவ்வொரு வேளையும் கிராம் கணக்கில். குட்டியை நிறுக்க வீட்டு மெஷின் போதாமல் போனதும், தெருமுனை அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்தினோம், மண்டிக்காரர் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு தடவையும் தராசைத் துடைத்துக் கொடுத்தார். நாயின் எடை தெரியாமல் சாப்பாடும் அளக்க முடியாது, குடற்புழு மருந்தும் கொடுக்க முடியாது.

அடுத்தது உயரமான சாப்பாட்டு ஸ்டாண்ட். பெரிய நாய் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் எல்லாம் இருக்கும், எங்களுக்கும் பரிசாக ஒன்று வந்தது, அழகான மர வேலை, பெட்டியின்மேல் "வயிறு உப்பாமல் தடுக்கும்" என்று அச்சடித்திருந்தார்கள். இந்த வாசகத்தை நம்பாதீர்கள்.

கிரேட் டேனுக்கு வருகிற ஆபத்துகளில் என்னை ராத்திரி விழித்துப் பார்க்க வைப்பது வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது. இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இரத்த ஓட்டம் நின்றுபோகும், அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைக்காது, அதுவும் சில மணி நேரத்துக்குள். எல்லா இனங்களிலும் இதில் முதலிடம் கிரேட் டேனுக்குத்தான். பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,600-க்கும் மேற்பட்ட பெரிய, ராட்சத இன நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்ட முடிவுகளில், உயரமான பாத்திரத்தில் சாப்பிடுவது ஆபத்தைக் கூட்டுகிறது என்றார்கள், ராட்சத இனங்களில் வந்த சம்பவங்களில் ஏறத்தாழ பாதிக்கு அதையே காரணமாகக் கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவுக்குச் சொல்லவில்லை. ஆனால் உயரமான ஸ்டாண்ட் தடுக்கும் என்று நிரூபித்த ஆய்வு ஒன்றும் இல்லாதபோது அட்டைப்பெட்டியில் அப்படிப் போடுவது ரொம்பத் தப்பு. கழுத்து எலும்புப் பிரச்சினையோ உணவுக்குழாய்ப் பிரச்சினையோ இருந்து மருத்துவர் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஸ்டாண்டின்மேல் இப்போது துளசித் தொட்டி இருக்கிறது.

அவசரமாக விழுங்குவதும் ஆபத்தில் ஒன்று. மெதுவாகச் சாப்பிட வைக்க வரப்பு வரப்பாக வார்த்த பிளாஸ்டிக் தட்டுகள் விற்கிறார்கள், ஆனால் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் லாப்ரடார் அளவு, பொன்னியின் முகம் அதில் அடங்கவில்லை. கல்யாண வீட்டுத் தாம்பாளம், பெரிய எவர்சில்வர் ஒன்று, அதில் உணவைப் பரப்பி நடுவில் இரண்டு கனமான கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது, சுற்றிச் சுற்றிப் பொறுக்கித் தின்கிறாள். ஒரே வேளையில் மொத்தமாகக் கொட்டாமல் இரண்டு வேளையாவது பிரித்துக் கொடுக்க வேண்டும், சாப்பிட்டவுடன் ஓட விடக் கூடாது.

அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம், என் சின்ன மகள் உட்பட: வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராது, எச்சில் ஒழுகும், வயிறு மேளம் மாதிரி விறைக்கும், ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கும். இதைப் பார்த்தால் காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. இதற்காகவே, கருத்தடை செய்தபோது அதோடு சேர்த்து இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் சிகிச்சையையும் செய்துகொண்டோம். ஒன்றரை வயதில் செய்தது, மூட்டுகள் வளர்ந்து முடியட்டும் என்று காத்திருந்தோம். இது வயிறு உப்புவதை முழுவதும் தடுக்காது, முறுக்கிக்கொள்வதைத் தடுக்கும், உயிரைப் பறிப்பது அந்த முறுக்கல்தான். ஒரே மயக்க மருந்தில் இரண்டும் முடிந்தது, பத்து நாளில் தையல் ஆறியது. மொத்தச் செலவுகளில் நான் மனநிறைவோடு கொடுத்த பணம் இது. ராட்சத இனம் வாங்குகிற யாராக இருந்தாலும் தங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டாக வேண்டும்.

மருத்துவமனை என்று வரும்போது சென்னைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை வேப்பேரி. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது, இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. கல்லூரி மருத்துவமனை என்பதால் எலும்புக்கு, இதயத்துக்கு, தோலுக்கு என்று தனித்தனியாகப் படித்தவர்கள் ஒரே வளாகத்தில் கிடைப்பார்கள். பொன்னிக்கு இதய ஸ்கேன் அங்கேதான் எடுத்தோம். பாடம் படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒரு மாணவி பொன்னியின் தலையைத் தன் மடியிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டாள். காலையில் சீக்கிரமே போய்விடுவது நல்லது. எந்த ஊராக இருந்தாலும், நள்ளிரவில் வயிற்று அறுவை சிகிச்சை செய்யக்கூடிய இடம் எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று குட்டி வாங்கும் முன்பே விசாரித்துவையுங்கள். அப்புறம், எழுந்திருக்க முடியாத 54 கிலோ நாயை யார் தூக்குவது? எங்கள் வீட்டில் தடித்த ஜமுக்காளம் ஒன்று கதவோரம் மடித்தே இருக்கிறது, நான்கு முனையையும் இரண்டு பேர் பிடித்தால் வண்டிவரை தூக்கிவிடலாம், பழகியும் பார்த்துவிட்டோம்.

தரை. நம் வீடுகளின் வழவழ டைல்ஸ் ராட்சத இனக் குட்டியின் இடுப்புக்கு எதிரி. கால் விரிந்து விரிந்து வழுக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் போடுகிற ரப்பர் விரிப்பு வாங்கிக் கூடம் முழுக்கப் போட்டோம், துடைக்க எளிது, நகரவில்லை, மூன்று வருஷத்துக்குப் பிறகும் கிழியவில்லை. நாலரை நட்சத்திரம், முதல் மாதம் அடித்த ரப்பர் வாடைக்கு மட்டும் அரை நட்சத்திரம் குறைத்தேன். மாடிப்படி ஏறவும் கட்டிலிலிருந்து குதிக்கவும் ஒன்றரை வயதுவரை விடவில்லை, எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரை குட்டிக்கு அப்படித்தான்.

படுக்கைக்கு ஆன்லைனில் "எக்ஸ்எல்" என்று வந்ததில் பொன்னியின் முன்பாதிதான் படுத்தது. வெறும் தரையில் படுத்தால் இந்த எடைக்கு முழங்கையில் தோல் தடித்து நீர்க்கட்டி வரும். பக்கத்துத் தெரு மெத்தைக் கடையில் நாலரை அடிக்கு நான்கடி, ஆறு அங்குலம், அழுத்தமான ரீபாண்டட் ஃபோமில் ரெக்சின் உறை, அதன்மேல் கழற்றித் துவைக்கிற பருத்தி உறை என்று சொல்லித் தைத்து வாங்கினோம். ஆன்லைன் விலையைவிடக் குறைவு, உறை கிழிந்தபோது அவர்களே இரண்டாவது ஜிப் வைத்துத் தந்தார்கள். கத்திரி வெயிலில் அதையும் விட்டுவிட்டு உயரம் குறைந்த நாடா கட்டிலுக்குப் போய்விடுகிறாள், அடியில் காற்று ஓடுவதால். வெயில் நாட்களில் நடை காலை ஆறு மணிக்கு முன்னால், தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழெட்டு வினாடி தாங்க முடியவில்லை என்றால் அவள் பாதத்துக்கும் முடியாது.

உண்ணி மாத்திரை வாங்கும்போது எடையைப் பாருங்கள், இது ராட்சத இனக்காரர்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல். நெக்ஸ்கார்டில் ஒரு மாத்திரை 50 கிலோ வரைதான், அதற்கு மேல் இரண்டைச் சேர்க்க வேண்டும். பிராவெக்டோவில் 40 முதல் 56 கிலோவுக்கு ஒரே மாத்திரை இருக்கிறது, 12 வாரம் தாங்கும். பொன்னி 54 என்பதால் எங்களுக்கு இரண்டாவது கட்டுப்படியாகிறது, நாளைக்கு மூன்று கிலோ கூடினால் கணக்கு மாறும். சென்னையில் உண்ணிக் காய்ச்சல் வருஷம் முழுக்க இருக்கிறது, மலிவு என்று சின்ன நாய் மாத்திரை ஒன்றைக் கொடுத்து ஒப்பேற்றக் கூடாது. வலிப்பு வந்த சரித்திரம் உள்ள நாய்க்கு இந்த வகை மாத்திரை கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பட்டையும் கயிறும்: அகலமான நைலான் பட்டை, மார்பில் கொக்கி மாட்டுகிற பெல்ட், நான்கடிக் கயிறு. போதும். முள் பட்டை வேண்டாம், 20 கிலோ இருக்கும்போதே கயிறு இழுக்காமல் நடக்கப் பழக்கிவிட்டால் பிறகு அதற்குத் தேவையே இல்லை. இப்போது என் மாமியார்கூட அவளை வாசல்வரை பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆனால் தெருவில் பெரியவர்கள்தான் பிடிக்க வேண்டும், பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை, அவள் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் ஒரு பூனை குறுக்கே ஓடினால் பத்து வயதுப் பிள்ளையால் 54 கிலோவை நிறுத்த முடியாது. மாநகராட்சி உரிமத்துக்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், அதை வருஷா வருஷம் புதுப்பித்து ஒரே கோப்பில் வையுங்கள்.

வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்களும் உண்டு. அவள் நின்ற நிலையிலேயே அடுப்பு மேடைக்கு முகம் எட்டுகிறது, அதனால் சமையலறைக்குக் குட்டைக் கதவு வைத்தோம். வாலாட்டினால் டீப்பாயில் தம்ளர் நிற்காது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வந்தால் பொன்னி உட்காரும்வரை குழந்தையைக் கீழே விடுவதில்லை.

இனி வாங்க வேண்டியது காரில் ஏறுவதற்கு ஒரு சாய்பலகை. இப்போது முன்னங்காலை வைக்கச் சொல்லிப் பின்பாதியை நாங்கள் தூக்கி விடுகிறோம், வயது ஏற ஏற அது அவள் இடுப்புக்கும் நல்லதில்லை, என் வீட்டுக்காரர் முதுகுக்கும் நல்லதில்லை. ஆன்லைனில் உள்ளவை பெரும்பாலும் அகலம் குறைவு, அவள் கால் வைக்கும்போது ஆடினால் மறுபடி ஏறவே மாட்டாள். இரண்டடி அகலம், ஆறடி நீளம், மேலே சொரசொரப்பான ரப்பர், 80 கிலோ தாங்க வேண்டும். அம்பத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் அலுமினியத்தில் செய்து தருகிறேன் என்று அளவு எடுத்திருக்கிறார்கள். வந்ததும் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.